மழையும் குளிரும் டயரும்

கனடா நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள வான்கூவர் நகரில் என் பழைய மாணவி ஒருவர் பணிபுரிகிறார். சென்ற நவம்பரில் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. நலம் விசாரித்த இரண்டு வரிகளுக்குப் பின் நேரே செய்திக்கு வந்துவிட்டார்.

கோடையில் அவர் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டே கதவுகள், தாழ்ந்த உடல், வலுவான எஞ்சின், அகலமான டயர்கள். விரைந்து ஓட்டுவதற்கென்றே அமைந்த வகை. அதில்தான் நாள்தோறும் அலுவலகம் சென்று வருகிறார். ஒரு நாள் காலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெப்பநிலை 4° செ. இறக்கமான ஒரு தெருவில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை அழுத்தினார். கார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, மக்கள் கடக்கும் பாதையின் நடுவில் போய் நின்றது. குடை பிடித்துக்கொண்டு கடந்த முதியவர் ஒருவர் சட்டென்று பின்வாங்கியதால் உயிர் தப்பினார்.

"சார், டயர்கள் புதியவை. பட்டன் சிறிதும் தேயவில்லை. பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நான் போனதும் 50 கி.மீ. வேகத்தில்தான். மழையோ, நம் ஊர் மழையோடு ஒப்பிட்டால் வெறும் தூறல். பிறகு ஏன் வழுக்கியது? இனி எந்த டயர் வாங்குவது? கடைக்காரர் ஐந்து வகை சொல்கிறார்" என்று கேட்டிருந்தார்.

நான் ஓட்டுவது ஸ்கூட்டர். பனி விழும் ஊரில் கார் ஓட்டிய பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கேள்வி கார் ஓட்டுவதைப் பற்றியது மட்டுமன்று; ரப்பர் என்னும் பொருளின் இயல்பைப் பற்றியது. அவருக்கு எழுதிய விடையையே சற்று விரித்து இங்கே தருகிறேன்.

ஒரே மாதம், இரு வேறு மழை

சென்னைக்கும் வான்கூவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு ஊர்களிலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் மழை மிகுதி. அளவில் சென்னை சளைத்ததன்று. ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. பெய்கிறது. ஆனால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வெப்பநிலை 20° செ.க்குக் கீழே போவது அரிது. வான்கூவரிலோ நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலான நாட்கள் 0°க்கும் 10°க்கும் இடையே கழிகின்றன. பனி சில நாட்களே விழும். மற்ற நாளெல்லாம் குளிர்ந்த ஈரத் தார்ச்சாலைதான்.

நம் மாணவியை ஏமாற்றியது அந்த மழையின் அளவு அன்று, அதன் குளிர்ச்சி. எப்படி என்று பார்ப்போம்.

நிற்கும் தொலைவு

ஒரு காரின் எடையைத் தாங்குவது எது? நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு பரப்புகள். காரின் நிறை 1400 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு டயரின் மேலும் ஏறக்குறைய 3500 நியூட்டன் விசை இறங்குகிறது. டயரின் காற்றழுத்தம் 220 கிலோ பாஸ்கல் எனில், விசையை அழுத்தத்தால் வகுக்க, தொடு பரப்பு சுமார் 160 சதுர செ.மீ. என வருகிறது. அஞ்சல் அட்டையைவிடச் சற்றே பெரிய பரப்பு! டயரின் பக்கச் சுவரும் எடையில் ஒரு சிறு பங்கைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். காரை ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் இந்த நான்கு அட்டைகளின் பொறுப்பு.

நிறுத்தும் தொலைவுக்கான சூத்திரம் மேல்நிலை வகுப்பு மாணவர் அறிந்ததே. வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகையின் இருமடங்கால் வகுக்கவேண்டும். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். நல்ல பிடிப்புள்ள சாலையில் குணகம் 0.8 எனக் கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 12.3 மீட்டரில் கார் நின்றுவிடும். குணகம் 0.5 ஆகக் குறைந்தால் 19.7 மீட்டர் ஆகும். சாலை 10 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் இறங்குமானால், பயனுள்ள குணகத்தில் இன்னும் 0.1 கழிந்துவிடும், தொலைவு சுமார் 25 மீட்டர். முதலில் கண்டதைப்போல் இருமடங்கு.

சமதளத்திலேயே மற்றொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். முதல் கார் நின்றுவிட்ட அதே 12.3 மீட்டர் புள்ளியில் இரண்டாம் கார் என்ன வேகத்தில் இருக்கும்? மணிக்கு 30 கி.மீ.க்கு மேல்! "இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கும், அவ்வளவுதானே" என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் புள்ளியில் ஒருவர் நின்றிருந்தால் அவர்மீது மோதும் வேகம் அது.

ஆகவே உராய்வுக் குணகம் 0.8 இல் நிற்குமா, 0.5 க்கு இறங்குமா என்பது உயிர் பற்றிய வினா. அதை முடிவு செய்வது எது?

பாட விதிக்கு அடங்காத பொருள்

உராய்வுக் குணகம் தொடும் பரப்பைப் பொறுத்ததன்று, வேகத்தைப் பொறுத்ததன்று என்று வகுப்பில் படிக்கிறோம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இது ஓரளவு பொருந்தும். ரப்பர் இந்த விதிக்கு அடங்குவதில்லை. ரப்பரின் குணகம் வேகத்தோடு மாறும், வெப்பநிலையோடு மாறும், சுமையோடும் மாறும்.

காரணம் அதன் அமைப்பு. ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சுருண்டும் பின்னியும் கிடப்பவை. அழுத்தினால் நெளிந்து வளைந்து இடம் கொடுக்கும், விட்டால் மீளும். கூடை நிறைய இருக்கும் மண்புழுக்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவை எந்நேரமும் நெளிந்துகொண்டே இருக்கின்றன. மூலக்கூறுகளை நெளியச் செய்வது வெப்பம்.

தார்ச்சாலை நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். ரப்பர் அதன்மேல் சறுக்கும்போது இரண்டு வகையில் பிடிக்கிறது. ஒன்று, ஒட்டுதல், ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் மூலக்கூறுகளோடு நேரே ஒட்டிப் பிரிவதால் வருவது. மற்றொன்று, தயக்கம். காந்தவியலில் தயக்கக் கண்ணியைப் படித்திருப்பீர்கள். இரும்பைக் காந்தமாக்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. கண்ணியின் பரப்பளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது அல்லவா? ரப்பரிலும் இதே கதைதான். சாலையின் ஒவ்வொரு சிறு மேடும் ரப்பரை அழுத்துகிறது. மேடு கடந்ததும் ரப்பர் மீள்கிறது. ஆனால் சற்றுத் தயங்கி மீள்கிறது. மேட்டின் முன்புறம் ரப்பர் பலமாக அழுத்தும். பின்புறம் அவ்வளவு அழுத்தாது. இந்த வேற்றுமையே காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை.

மழை பெய்தால் என்ன ஆகும்? நீர்ப்படலம் இடையே புகுந்து ஒட்டுதலைப் பெரும்பாலும் கெடுத்துவிடும். தயக்கத்தை அதனால் அவ்வளவாகக் கெடுக்க முடியாது. இதை அழகாக விளக்கியவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீன்வுட், டேபர் என்னும் இரு அறிஞர்கள். 1958இல் வெளியான அவர்களின் ஆய்வில், நன்கு வழுக்கும்படி மசகிட்ட ரப்பரின் மேல் கடினமான குண்டைச் சறுக்கிப் பார்த்தார்கள். அதே குண்டை உருட்டியும் பார்த்தார்கள். இரண்டிலும் தடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உருளும் குண்டில் ஒட்டுதலின் பங்கு மிகச் சிறிது. எனவே வழுக்கும் பரப்பில் எஞ்சி நிற்கும் தடை, ரப்பர் உள்ளுக்குள் இழக்கும் ஆற்றலே என்பது தெளிவாயிற்று. தயக்கம் மிகுந்த ரப்பரால் டயர் செய்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்னும் கருத்து இப்படிப் பிறந்தது.

குவளை நீரில் ஒரு பாடம்

தயக்கம்தான் பிடிப்பு என்றால், அந்தத் தயக்கம் குளிரில் என்ன ஆகிறது?

1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73ஆம் நொடியில் சிதைந்து, அதில் சென்ற ஏழு பேரும் மாண்டனர். அன்று காலை கடுங்குளிர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றை இடுக்கியில் இறுக்கி, பனிக்கட்டி மிதக்கும் குவளை நீரில் சற்று நேரம் அமிழ்த்தி வைத்தார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, ரப்பர் உடனே மீளவில்லை. சில நொடிகள் அப்படியே நசுங்கிக் கிடந்தது. 0° செ. குளிரில் அது கல்லாகிவிடவில்லை, மந்தமாகிவிட்டது. அந்த மந்தமே போதுமானதாயிற்று, ஓடத்தை அழிக்க.

ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே குளிர்வித்தால் சங்கிலிகள் நெளிய முடியாமல் உறைந்து, ரப்பர் கண்ணாடியைப்போல் கெட்டியாகி நொறுங்கும். இயற்கை ரப்பருக்கு இது சுமார் -70° செ. டயரின் மேற்பகுதியில் சேர்க்கும் கலவைகளுக்கு இந்த அளவு வேறுபடும். ஆயினும் எல்லாமே பூச்சியத்துக்கு வெகு கீழே. அப்படியானால் 4° செ. குளிரில் டயருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம்.

இங்கேதான் வேகம் குறுக்கிடுகிறது. அந்த வெப்பநிலையை ஆய்வகத்தில் அளப்பது மெதுவாக. சாலையில் நடப்பது அதிவேகமாக. பிரேக் பிடிக்கும்போது டயர் சாலையின் மேல் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் சறுக்குகிறது என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியுள்ள மேடுகள் ரப்பரை நொடிக்கு 10,000 முறை தட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியுள்ள நுண்மேடுகள் 10 லட்சம் முறை தட்டும். அவ்வளவு விரைவான தட்டலுக்கு ஈடுகொடுத்து நெளிய மூலக்கூறுகளுக்கு நேரம் வேண்டாவா? நேரம் இல்லையென்றால், வெப்பநிலை எவ்வளவு இருந்தாலும் அவை உறைந்தவைபோலத்தான் நடந்துகொள்ளும்.

ரப்பரைப் பொறுத்தவரை வேகமாகத் தட்டுவதும் குளிர்விப்பதும் ஒன்றே. 1955இல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்னும் மூவர் இந்த இணைப்பைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். 1963இல் குரோஷ் என்பவர் ரப்பர் உராய்வைப் பல வெப்பநிலைகளிலும் பல வேகங்களிலும் அளந்து, அவையெல்லாம் ஒரே வளைகோட்டில் அடங்குவதைக் காட்டினார். வளைகோட்டின் நடுவே ஒரு சிகரம். ஒரு புறம் ரப்பர் சுறுசுறுப்பாக மீள்கிறது. ஆற்றல் இழப்புக் குறைவு, பிடிப்பும் குறைவு. மறுபுறம் கண்ணாடித்தன்மை, சாலையின் குழிகளுக்குள் புகவே முடியாது, அங்கும் பிடிப்புக் குறைவு. இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல பிடிப்பு.

டயர் செய்பவர்களின் கலை இந்தச் சிகரத்தை எங்கே வைப்பது என்பதே. கோடைக்கான விரைவு டயரில் சூடான சாலையில் சிகரம் வரும்படி கலவையை அமைக்கிறார்கள். அதே டயர் 4° குளிரில் சிகரத்தைக் கடந்து கண்ணாடிப் பக்கமாகச் சரிந்துவிடும். குளிர்கால டயரின் கலவை, கடுங்குளிரிலும் நெளியும் சங்கிலிகளைக் கொண்டது. அதன் சிகரம் குளிர்ந்த வெப்பநிலையில் அமைகிறது. நம் மாணவி நவம்பர் மாதத்தில் ஓட்டியது கோடைக்குச் சுருதி சேர்த்த வீணை.

7° செ.க்குக் கீழே கோடை டயர் வேண்டாம் என்று டயர் நிறுவனங்கள் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். அது 7°இல் திடீரென்று அறுந்து விழும் செங்குத்துப் பாறையன்று. மெல்லச் சரியும் சரிவு. பூச்சியத்துக்குச் சில பாகை கீழே போனால் மற்றொரு தொல்லையும் உண்டு: விரைவு வகைக் கோடை டயரின் ரப்பர், வளையும்போது வெடிப்பு விடக்கூடும் என்று சில நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் கிடக்கும் ரப்பர்ப் பந்து ஒன்றை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழவிட்டு, எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளந்து எழுதுங்கள். 60 செ.மீ. எழுந்தால், ஆற்றலில் 40 விழுக்காடு இழப்பு என்று பொருள். அதே பந்தைக் குளிர்பதனப் பெட்டியின் உறையறையில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, உடனே மறுபடி செய்யுங்கள். பிறகு வெந்நீரில் வைத்துச் சூடாக்கிச் செய்யுங்கள். மூன்று எண்களும் வேறுபடுவதைக் காண்பீர்கள். பல வகைப் பந்துகளைக் கொண்டு செய்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறும். டயர் ஆய்வகங்களில் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது.

ஒரு சிக்கலும் அதன் தீர்வும்

தயக்கம் மிகுந்தால் பிடிப்பு மிகும். ஆனால் சும்மா உருளும்போதும் ஆற்றல் வீணாகுமே, பெட்ரோல் செலவு கூடுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இந்தச் சிக்கல் நெடுங்காலம் தீராமல் இருந்தது.

தீர்வு அதிர்வெண்ணில் இருந்தது. 50 கி.மீ. வேகத்தில் சுமார் 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு 7 முறை சுற்றுகிறது. உருளும்போது ரப்பர் நசுங்கி மீள்வது அந்த அளவில்தான். பிடிப்புக்கான தட்டலோ நொடிக்குப் பல்லாயிரம் முறை. குறைந்த அதிர்வெண்ணில் இழப்புக் குறைந்தும், உயர்ந்த அதிர்வெண்ணில் இழப்பு மிகுந்தும் இருக்கும் கலவை கிடைத்தால் இரண்டு பயனும் ஒருங்கே கிட்டும். கார்பன் கரிக்குப் பதிலாகப் பெரும்பங்கு சிலிக்காவை ரப்பரோடு வேதிப் பிணைப்பால் சேர்த்து இதைச் சாதித்தார்கள். 1992இல் மிஷலின் நிறுவனம் இத்தகைய டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மழைக்கும் குளிருக்குமான நல்ல டயர்கள் பெரும்பாலும் சிலிக்கா கலந்தவையே.

நீரின்மேல் மிதக்கும் கார்

இதுவரை கண்டது ரப்பர் சாலையைத் தொடுகிறது என்னும் நிலையில். தொடவே முடியாமல் போனால்?

225 மி.மீ. அகலமுள்ள டயர், 3 மி.மீ. ஆழ நீரில் 80 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் அது விலக்கவேண்டிய நீர் 15 லிட்டர். ஒரு வாளித் தண்ணீர்! அந்த நீர் டயரின் பள்ளங்கள் வழியே ஓடித் தப்பவேண்டும். தப்ப முடியாவிட்டால் முன்னால் ஆப்பாகக் குவிந்து டயரைத் தூக்கிவிடும். அதன்பின் ஸ்டீயரிங் திருப்பினாலும் பயனில்லை, பிரேக் அழுத்தினாலும் பயனில்லை.

எந்த வேகத்தில் இது நேரும்? ஓடும் நீரின் இயக்க அழுத்தம் டயரின் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது என்று கொண்டு, பெர்னௌலி தேற்றத்தின்படி கணக்கிட்டால், 220 கிலோ பாஸ்கலுக்கு மணிக்குச் சுமார் 76 கி.மீ. வருகிறது. உண்மையில் நீரின் ஒரு பகுதி பக்கவாட்டில் ஓடிவிடுவதால் வேகம் சற்றுக் கூடும். விமானச் சக்கரங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்த நாசாவின் ஹோர்ன் என்பவரும் அவருடைய தோழரும் 1963இல் ஒரு விதி தந்தார்கள். அதன்படி, கிலோ பாஸ்கலில் அளந்த காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 6.34ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று மிதக்கும் வேகம் கிடைக்கும். 220க்கு 94 கி.மீ. நீரின் ஆழம் பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சும்போதும், டயர் தேய்ந்து மொட்டையாகிவிட்டபோதும் பொருந்தும் விதி இது. ஆழமான பள்ளம் உள்ள டயர் மெல்லிய நீரில் இதனினும் விரைவாகப் போகலாம். தொடு பரப்பு அகன்று குட்டையாக இருந்தால் இதற்கு முன்பே மிதந்துவிடும். விரைவுக் காரின் அகலமான டயர் காய்ந்த சாலையில் நண்பன். நீர் தேங்கிய சாலையில் அப்படியன்று.

இதில் குளிரின் பங்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. கோடையில் 25° செ. வெப்பநிலையில் 220 கிலோ பாஸ்கல் காற்று அடைத்தார்கள். வளிமண்டல அழுத்தம் 101 சேர்த்தால் தனி அழுத்தம் 321. வெப்பநிலை 0° செ. ஆனால், வாயு விதிப்படி 321 × 273 ÷ 298 = 294. வளிமண்டலத்தைக் கழித்தால் எஞ்சுவது 193 மட்டுமே. காற்று கசியவே இல்லை. ஆயினும் அழுத்தம் 27 குறைந்துவிட்டது. மிதக்கும் வேகமும் 94லிருந்து 88க்கு இறங்கிவிட்டது. குளிர் தொடங்கியதும் காற்றழுத்தத்தைச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். அதுவும் கார் ஓடிச் சூடேறுமுன் பார்க்கவேண்டும்.

கடைக்காரர் சொன்ன ஐந்து வகை

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம்.

முதல் வகை, கோடை டயர். அவர் காரில் இருப்பது இதுவே. இளவெயிலிலும் வெப்பமான மழையிலும் இதற்கு நிகரில்லை. 7°க்குக் கீழே இதன் சிறப்புப் போய்விடும்.

இரண்டாவது, அனைத்துப் பருவ டயர். வட அமெரிக்காவில் மிகுதியாக விற்பது. பக்கச் சுவரில் எம்+எஸ் என்று பொறித்திருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம். இந்த எழுத்துகள் பள்ளங்களின் அமைப்பைக் குறிப்பவை; பனிச் சோதனையில் தேறியதற்குச் சான்று அல்ல.

மூன்றாவது, அனைத்து வானிலை டயர். ஆண்டு முழுவதும் ஓட்டலாம். கூடவே, மும்முகடு மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னமும் பெற்றிருக்கும். பனியில் ஒப்பீட்டுச் சோதனை நடத்தித் தேறியவற்றுக்கே அந்தச் சின்னம்.

நான்காவது, விரைவு வகைக் குளிர்கால டயர். மேற்சொன்ன சின்னம் உடையது. குளிருக்கு ஏற்ற கலவை, நிறைய நுண்கீற்றுகள். ஆனால் பட்டன் கட்டைகள் ஓரளவு உறுதியானவை. உயர்ந்த வேகக் குறியீடும் உண்டு. ஈரக் குளிரும் சிறிது பனியும் உள்ள ஊர்களை எண்ணிச் செய்தது.

ஐந்தாவது, பனிக்கட்டி டயர். கடும்பனியும் உறைந்த சாலையும் உள்ள இடங்களுக்கு உரிய மிக மென்மையான ரப்பர். பனிக்கட்டியில் இது அரசன். ஆனால் 5° ஈரத் தார்ச்சாலையில் இதன் மென்மையான கட்டைகள் நெளிந்து மடியும். நிற்கும் தொலைவு நீளும். "மிகக் குளிர்கால டயர் என்றால் மிகப் பாதுகாப்பு" என்று எண்ணுவது தவறு.

ஒன்றைக் கவனியுங்கள். பனிப்பூச் சின்னம் பனியில் இழுவையை மட்டுமே சான்றளிக்கிறது. ஈரச் சாலைப் பிடிப்பைச் சொல்வதில்லை. அதற்கு வேறு குறிகளைப் பார்க்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் அட்டையில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள் உண்டு, ஏ சிறந்தது. அமெரிக்க முறையில் ஏஏ, ஏ, பி, சி என்று பக்கச் சுவரிலேயே பொறிப்பார்கள். குளிர்கால டயர்களுக்கு அம்முறை விலக்கு அளிக்கிறது.

டயர் எப்போது செய்தது என்பதையும் பார்க்கலாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் 3522 எனில், 2022ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். கடையில் கிடந்தாலும் ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டேதான் போகும்.

நான் சொன்ன விடை

வான்கூவர் வாசிக்கு ஐந்தாவது வகை தேவையில்லை. கோடை டயரைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நான்காவது வகையைப் போடச் சொன்னேன். அவர் விடுமுறையில் விஸ்லர் மலைக்குப் போவதுண்டு. அம்மாநிலத்தில் அந்த நெடுஞ்சாலை உட்படப் பல மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் எம்+எஸ் அல்லது பனிப்பூக் குறியுள்ள டயர், குறைந்தது 3.5 மி.மீ. பள்ள ஆழத்துடன், சட்டப்படி கட்டாயம்.

அளவிலும் ஒரு மாற்றம் சொன்னேன். அவர் காரில் இருப்பது 225/45 ஆர் 17. அகலம் 225 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு; உள் வட்டின் விட்டம் 17 அங்குலம். மொத்த விட்டம் 634 மி.மீ. இதற்குப் பதில் 205/55 ஆர் 16 போட்டால் விட்டம் 632 மி.மீ. (கணக்கிட்டுப் பாருங்கள்.) உயரம் ஏறக்குறைய மாறாததால் வேகமானியும் தவறாது. அகலம் 20 மி.மீ. குறைந்ததால் நீரை எளிதாகக் கிழிக்கும்; விலையும் குறைவு. சிறிய வட்டு அந்தக் காரின் பிரேக்குக்கு இடம் கொடுக்குமா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகைதான் போடவேண்டும். முன்னால் குளிர்கால டயர், பின்னால் கோடை டயர் என்று சிக்கனம் செய்தால், வளைவில் பின்பகுதி மட்டும் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்களும் இதற்கு விலக்கல்ல. அந்த இயக்கம் கிளம்புவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

"இரண்டு தொகுதி வாங்கச் செலவு இருமடங்கு ஆகாதா?" என்று மறுமடலில் கேட்டார். ஆகாது. ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இருமடங்கு காலம் வரும். கூடுதல் செலவு வட்டுகளுக்கும், ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலிக்குமே. அதுவும் இயலாதவர்கள், நல்ல ஈரப் பிடிப்புள்ள மூன்றாவது வகையை ஆண்டு முழுவதும் போட்டுக்கொள்ளலாம். கோடையில் வளைவுகளில் கொஞ்சம் கூர்மை குறையும். குளிர்கால மழையில் பிடிப்பு இருக்கும். இரண்டில் எதை இழக்கலாம் என்பது தெளிவுதானே.

சனவரியில் அவர் மீண்டும் எழுதினார். நான்காவது வகை டயர், சிறிய வட்டு, சரியான காற்றழுத்தம். "கார் முன்போல் சட்டென்று திரும்புவதில்லை, சார். ஆனால் நிற்கிறது" என்று எழுதியிருந்தார். கூடவே, அந்த இறக்கத்தில் இப்போது 40 கி.மீ.க்கு மேல் போவதில்லையாம். காரணத்தையும் கணக்காகவே எழுதியிருந்தார்: நாற்பதை ஐம்பதால் வகுத்து வர்க்கம் கண்டால் 0.64. எந்த டயர் போட்டிருந்தாலும் நிற்கும் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். காசு கொடுக்காமல் கிடைப்பது!

வாசகர்களே, நம்மில் பெரும்பாலோர் 4° செ. மழையில் வண்டி ஓட்டப் போவதில்லை. ஆனால் மொட்டை டயரும் குறைந்த காற்றழுத்தமும் நீர் தேங்கிய சாலையும் நம் ஊரிலும் உண்டு. அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் வீட்டு வண்டியின் டயரைக் குனிந்து ஒருமுறை பாருங்கள்.